பத்தாவது சீட்டு

டீச்சர்,

நேற்று மத்தியானம் என் பேத்தி பீரோவின் அடித்தட்டைக் குடைந்து ஒரு கலர் பென்சில் டப்பாவை வெளியே எடுத்துவிட்டாள். மூடியைத் திறந்ததும் மரத்தூளும் சாயமும் கலந்த அந்த வாசனை அறை முழுக்க வந்தது. பன்னிரண்டு பென்சில், பன்னிரண்டும் கடையில் சீவிக் கொடுத்த முனை மழுங்காமல் இருந்தன. "யாருதுங்க தாத்தா இது?" என்று கேட்டாள். நான் வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். குழந்தை முகம் சுண்டிப்போயிற்று. வயசானால் மனுசனுக்குக் குணமும் மாறிப்போகும் போலிருக்கிறது என்று மருமகள் அடுப்படியிலிருந்து சொன்னது என் காதில் விழுந்தது. அவளுக்கென்ன தெரியும்? மாறவெல்லாம் இல்லை. என் குணம் என்றைக்குமே இதுதான். நாலு வருஷம் பக்கத்து வகுப்பில் இருந்துகொண்டு அதைச் சகித்தவர் நீங்கள்.

இந்த டப்பாவை நீங்கள் பார்த்ததில்லை. இதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் இன்னொரு பொருளும் இருந்தது. அது போன மாதம்வரை இருந்தது, இப்போது இல்லை. அது எங்கே போயிற்று என்று உங்களுக்குச் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம். நீங்கள் படிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. புத்தி நன்றாகத்தான் இருக்கிறது.

நீங்கள் நம் பள்ளிக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. கிணத்துக்கடவில் பஸ் இறங்கி உள்ளே நடந்து வரவேண்டிய ஊர். ஒரே நீளக் கட்டடம், நடுவில் ஆளுயரத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் நானும். அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டே ஆசிரியர்கள். தலைமையாசிரியர் என்ற பட்டம் எனக்கு, அதற்கான எழுத்து வேலையும் எனக்கு. போத்தனூரிலிருந்து மாற்றல் உத்தரவோடு ஒரு சின்னப் பெண் வந்து நின்றதும், இது ஆறு மாதம் தாங்காது, பக்கத்தில் இடம் கேட்டு ஓடிவிடும் என்றுதான் நினைத்தேன். உங்கள் தோள்பையில் சோற்று டப்பாவோடு ஒரு பிஸ்கட் தகர டப்பாவும் இருந்தது. குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தது.

உள்ளே இருந்தது ரயில் சீட்டு. கட்டை விரல் அகலத்தில், கெட்டி அட்டையில் அச்சடித்த பழைய சீட்டுகள். உங்கள் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷன் வாசலில் பயணிகள் வீசிவிட்டுப் போனதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துத் தருவார் என்று சொன்னீர்கள். போத்தனூர் முதல் பொள்ளாச்சி, போத்தனூர் முதல் கிணத்துக்கடவு என்று ஊர்ப்பெயரும் ஓரத்தில் ஒரு நம்பரும் இருக்கும். பிள்ளைகள் ஏதாவது ஒன்றைச் சரியாகச் செய்தால் அந்தச் சீட்டின் பின்பக்கத்தில் பெயரையும் காரணத்தையும் எழுதிக் கொடுத்தீர்கள். 'முருகன், கழித்தல் கணக்கு.' 'சாந்தி, சண்டையை விலக்கிவிட்டாள்.' எழுதிய சீட்டின் நம்பரை ஒரு நோட்டில் குறித்து, கொடுத்ததும் டிக் போட்டுக்கொண்டீர்கள். பத்துச் சீட்டுச் சேர்ந்தால், சுவரில் நீங்கள் ஒட்டியிருந்த தாளில் இருந்து பிள்ளைக்குப் பிடித்ததை ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு வாரம் மணி அடிப்பது. ஒரு வாரம் கரும்பலகையில் தேதி எழுதுவது. ஒரு பாடவேளை டீச்சர் நாற்காலியில் உட்காருவது, டீச்சர் கீழே பாயில் உட்காருவார். பிடித்த ஆள் பக்கத்தில் இடம் மாறுவது. ஒரு வாரம் எல்லோருக்கும் பானைத் தண்ணீர் ஊற்றுவது. அவ்வளவுதான். கால் காசு செலவில்லை.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் கையில் புளியங்குச்சி இருந்தது. அடியாத மாடு படியாது டீச்சர், நான் காங்கேயத்துக்காரன், மாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். நீங்கள் சீட்டை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல், "ஆடுற மாட்டை ஆடிக் கறக்கோணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கோணும்னு உங்க ஊர்ல சொல்ல மாட்டாங்களா சார்?" என்றீர்கள். போத்தனூர் ரயில்வேக்காரர் மகளிடம் மாட்டுப் பழமொழியில் தோற்றேனே என்று அன்று பூராவும் எனக்கு எரிச்சல்.

எரிச்சல் அதோடு நிற்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பொடியன் ஒருவன் பத்துச் சீட்டுச் சேர்த்து மணியடிக்கும் வாரத்தை வாங்கினான். வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை அவன் சந்தோஷத்தில் விடாமல் அடித்ததில், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று சத்துணவு ஆயா கரண்டியோடு ஓடிவந்தார். நான் கத்தினேன். நீங்கள் தட்டிக்கு அப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். ஆனால் அந்தப் பொடியன் அதற்கு முன் வாரத்தில் மூன்று நாள் வந்தால் அதிகம். அந்த வாரம் ஐந்து நாளும் எட்டரைக்கே மரத்தடியில் நின்றான். நான் வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், சொல்லவில்லை.

இன்னொன்றும் செய்தீர்கள். பழைய பரீட்சைத் தாளின் எழுதாத பாதியைக் கிழித்து, 'உங்கள் மகள் இன்று ஒரு கதையைத் தானாகப் படித்தாள்' என்று எழுதி, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவீர்கள். படிக்கத் தெரியாத வீடுகளுக்கும் அனுப்புவீர்கள். ஒரு தாய் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்காரரிடமும் பால்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். மூன்று பேரும் ஒரே மாதிரிப் படித்த பிறகுதான் நம்பினாளாம். என் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் ஒரு நாள் வந்து, எங்களுக்குச் சீட்டுக் கிடையாதுங்களா சார் என்று கேட்டார்கள். போங்கடா என்று விரட்டினேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்குக் கிடைத்த டிக்கெட்டை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். இதையும் உங்களிடம் சொன்னதில்லை.

இனிப் பானைக்கு வருகிறேன். சுற்றிச் சுற்றி அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தட்டியின் ஓரத்தில் மணல் குவித்து அதன்மேல் அந்தப் பானை இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் அடிபம்பில் இருந்து தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவார்கள், டம்ளரில் மொண்டு குடிப்பார்கள். காலனிப் பிள்ளைகள் பானையைத் தொடுவதில்லை. யாராவது ஒரு ஊர்ப் பிள்ளை மொண்டு ஊற்ற, அவர்கள் கையைக் குவித்துக் குடிப்பார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. நான் அங்கே போனபோதே அப்படித்தான் இருந்தது, நான் மாற்றவில்லை. ஊரோடு ஒத்துப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் அதைக் கவனிப்பதையே விட்டிருந்தேன். நீங்கள் வந்த முதல் வாரமே கவனித்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சண்டை போடவில்லை. சுவரில் ஒட்டிய தாளில் ஐந்தாவது வரியாக அதை எழுதிவிட்டீர்கள். எழுதும்போதே எல்லாம் தெரிந்துதான் எழுதினீர்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் துளசிமணி இருந்தாள். காலனிப் பெண். நெற்றியில் ஒரு தழும்பு, எண்ணெய் காணாத தலை, கணக்கென்றால் கொள்ளை ஆசை. அவள் அம்மா தோட்டங்களில் களை எடுக்கவும் கடலைக்காய் பறிக்கவும் போகிறவள். வேலை மிகுந்த நாளில் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். சீட்டு வந்த பிறகு அந்தப் பெண் அம்மாவிடம் அழுது அடம்பிடித்துப் பள்ளிக்கு வந்தாள். ஒன்பது சீட்டுச் சேர்ந்தது. ஒரு நூலில் கோத்துப் பாவாடை நாடாவில் கட்டி வைத்திருப்பாள். பத்தாவது கிடைத்தால் பானைதான் கேட்கப்போகிறேன் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லி வைத்திருந்தாள். பிள்ளைகள் அதை வீட்டில் சொன்னார்கள்.

அந்த வாரம் உங்கள் தங்கைக்குக் கல்யாணம். புதன்கிழமை லீவில் போகுமுன் ஒரு கவரை என் மேஜையில் வைத்தீர்கள். உள்ளே ஒரே ஒரு சீட்டு. பின்பக்கம் முன்கூட்டியே எழுதியிருந்தீர்கள்: 'துளசிமணி, எட்டாம் வாய்ப்பாடு, பிழையில்லை.' வெள்ளிக்கிழமை ஒப்பிப்பாள், கேட்டுவிட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள் என்றீர்கள். தப்பாகச் சொன்னால் என்று கேட்டேன். "தப்பாச் சொல்ல மாட்டாளுங்க சார்" என்றீர்கள். புதன்கிழமை நீங்களே கேட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். ஏன் என்னிடம் விட்டீர்கள் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தீர்கள் போல. அப்படியென்றால் உங்களுக்கு என்மேல் என்னைவிட நம்பிக்கை இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை காலை தோட்டத்துக்காரர் தன் மொபெட்டில் வந்தார். பள்ளிக்கு இடம் கொடுத்த குடும்பம். சுற்றுச்சுவர் கட்டித் தருவதாக வேறு சொல்லியிருந்தார். எனக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. நம்ம பக்கத்து ஆட்கள் மிரட்டினாலும் மரியாதை குறையாது, உங்களுக்குத்தான் தெரியுமே. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "ஏனுங்க சார், எல்லாப் புள்ளைங்களும் படிக்கட்டுங்க, நாங்க ஒண்ணுஞ் சொல்லலீங்க. பானை மட்டும் பழையபடியே இருந்துட்டுப் போகட்டுங்க. டீச்சரு வெளியூரு, அவங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமுங்களே." காப்பி வாங்கி வரச் சொன்னேன், வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. வம்பு இல்லாமல் வீடு போய்ச் சேரவேண்டும், அது ஒன்றுதான் அப்போது என் மனசில்.

அன்று சாயங்காலம் கிணத்துக்கடவுக் கடையில் இந்த டப்பாவை வாங்கினேன். கடையில் இருந்ததிலேயே உசத்தியானது. இதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் சீட்டை மறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். முப்பத்து நாலு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் போட்ட கணக்கு அது!

வெள்ளிக்கிழமை மூன்றாம் வகுப்பை வரிசையாக நிற்க வைத்தேன். துளசிமணியின் முறை வந்தது. கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொல்லி முடித்தாள். அவள் சொன்ன விதத்தைக் கடைசியில் எழுதுகிறேன். பேஷ் என்று சொல்லி டப்பாவைக் கொடுத்தேன். மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அவள் டப்பாவைப் பார்த்தாள், என் மேஜையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சீட்டுங்க சார்?"

டீச்சர் வந்து தருவார் என்றேன். உங்ககிட்டக் குடுத்திருக்கறதா டீச்சர் சொன்னாங்களே சார் என்றாள். குடுத்ததை வாங்கிட்டுப் போய் உட்காரு என்று அதட்டினேன். போய் உட்கார்ந்தாள். மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் திறக்கக் கை நீட்டியபோது தட்டிவிட்டாள். எல்லோரும் போன பிறகு பார்க்கிறேன், டப்பா என் நாற்காலிமேல் இருக்கிறது. நான் சீட்டை அதற்குள் போட்டு மூடி என் பைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. செவ்வாயும் இல்லை. அம்மாவோடு கடலைக்காய் பறிக்கப் போகிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். இதைச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன்: எனக்கு நிம்மதியாக இருந்தது. பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

புதன்கிழமை நீங்கள் கை நிறைய மருதாணியோடும் கல்யாணப் பலகாரப் பொட்டலத்தோடும் வந்தீர்கள். அவள் இடத்தைப் பார்த்ததும் நேராகத் தட்டியைத் தாண்டி என்னிடம் வந்தீர்கள். வாய்ப்பாடு சொன்னாளா சார் என்று கேட்டீர்கள். எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறிவிட்டாள் என்றேன். அப்படியானால் அந்தச் சீட்டு எங்கே என்றீர்கள். எங்கோ தவறிப்போய்விட்டது என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூட கொஞ்சம் யோசித்து மறைப்பான். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். அப்புறம், "சரிங்க சார்" என்றீர்கள். அந்த 'சரிங்க'வில் மரியாதை குறையவே இல்லை. அதுதான் இன்னமும் உறுத்துகிறது.

அன்று சாயங்காலம் போத்தனூர் திரும்பும் ரயிலை விட்டுவிட்டுக் காலனிக்குப் போனீர்கள். அங்கே என்ன பேசினீர்கள் என்று எனக்குப் போன மாதம்வரை தெரியாது. மறுநாள் துளசிமணி வந்தாள். எல்லோர் முன்னாலும் அவளை எட்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னீர்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் பூகோளம் நடத்துவதுபோல நின்றுகொண்டு கேட்டேன். பிஸ்கட் டப்பாவில் இருந்து வேறு ஒரு சீட்டு எடுத்து எழுதிக் கொடுத்தீர்கள். அவள் பானை கேட்டாள்.

பத்தேமுக்கால் இடைவேளையில் வரிசை நின்றது. முதல் ஆளாக நீங்கள் நின்றீர்கள். அவள் மொண்டு கொடுத்த டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தீர்கள். உங்களுக்குப் பின்னால் சில பிள்ளைகள் நின்றார்கள், சிலர் வரிசையை விட்டு அடிபம்புக்குப் போனார்கள். நீங்கள் யாரையும் கூப்பிடவும் இல்லை, திட்டவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு அவள் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துத் தட்டிக்கு இந்தப் பக்கம் அனுப்பினீர்கள்.

என் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தன. தோட்டத்துக்காரர் பேரன் முதல் பெஞ்சில் இருந்தான். "தண்ணிங்க சார்" என்று நீட்டினாள். டீச்சர், எனக்குத் தாகமாக இருந்தது. தொண்டை காய்ந்து கிடந்தது. "வெச்சுட்டுப் போ" என்றேன்.

மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் குடிக்கவில்லை. மத்தியானம் தண்ணீரின்மேல் சாக்பீஸ் தூள் படிந்திருந்தது. சாயங்காலம் அவளே வந்து, தளும்பாமல் இரண்டு கையாலும் டம்ளரை எடுத்துக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு, கழுவிப் பானைமேல் கவிழ்த்து வைத்தாள். நீங்கள் ஜன்னலில் நின்று பார்த்தீர்கள். அதைப் பற்றி அன்றும் என்னிடம் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை பானை உடைந்து கிடந்தது. பூனை தள்ளியிருக்கும் என்று நான் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் பஸ்ஸில் மடிமேல் ஒரு புதுப்பானையைச் சுமந்துகொண்டு வந்தீர்கள். கொஞ்ச நாள் சில பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்தார்கள். பங்குனி வெயில் ஏறி, காலையில் பானையை நிரப்பியதோடு அடிபம்பில் காற்று வரத் தொடங்கியதும் பாட்டில் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோயிற்று. ஒருவர் பின் ஒருவராக வரிசைக்குத் திரும்பினார்கள். தோட்டத்துக்காரர் சுற்றுச்சுவர் கட்டித் தரவில்லை. சுவர் இல்லாமலேதான் பள்ளி நடந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் பயந்தது அத்தனையும் அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து நான் ஓய்வு பெற்ற அன்று, மாலையும் கழுத்துமாக பஸ் ஸ்டாப்பில் நின்றேன். என் பையை நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். பஸ் வருவது தெரிந்த பிறகுதான் கேட்டீர்கள்.

"அந்தச் சீட்டு பத்திரமா இருக்குங்களா சார்?"

உங்கள் நோட்டில் ஒரே ஒரு நம்பருக்கு நேராக மட்டும் டிக் போடாமல் இருக்கிறது என்றீர்கள். இருக்குதுங்க டீச்சர் என்றேன். "குடுக்க வேண்டியவங்க கையில குடுத்துப்போடுங்க சார். எப்பவாச்சும்" என்றீர்கள். பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

எப்பவாச்சும் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டினேன். காங்கேயத்திலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் போதும். இந்த வருஷம் வெயில், அடுத்த வருஷம் முட்டிவலி, அதற்கடுத்த வருஷம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி எங்கே போயிருக்கிறாளோ. காரணத்துக்கா பஞ்சம்?

போன மாதம் உங்கள் மகள் போன் செய்தாள். உங்கள் பழைய நோட்டில் என் நம்பர் இருந்ததாம். நீங்கள் என்னைவிட இருபத்தாறு வயது சின்னவர். உங்களுக்கு நான் மாலை போட வருவேன் என்று நினைக்கவே இல்லை. டப்பாவைத் திறந்து சீட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உங்கள் காலடியில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணம். பாருங்கள், அப்போதும் வாய் பேசாதவரிடம் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளத்தான் பார்த்தேன்.

போத்தனூர் வீட்டு வாசலில் பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பெண் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றித் தழும்பைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இவர் அம்மாவிடம் படித்த துளசிமணி அக்கா, கிணத்துக்கடவில் தையல் கடை வைத்திருக்கிறார், ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாளும் அம்மாவோடு கூட இருந்தது இவர்தான் என்று உங்கள் மகள் சொன்னாள். துளசிமணி என்னைப் பார்த்து, வாங்க சார், இந்த வெயிலில் அத்தனை தூரத்திலிருந்து வந்தீங்களா என்று கேட்டாள்.

நான் எழுந்து நின்று சீட்டை எடுத்து நீட்டினேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை, சும்மா நீட்டினேன். வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மை வெளுத்திருந்தாலும் எழுத்துத் தெரிந்தது. உதடு அசையாமல் படித்தாள்.

"டீச்சர் எழுத்துங்க" என்றாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள். "அன்னைக்கு டீச்சர் எங்க ஊட்டுக்கு வந்து, நீங்க சொன்னதாச் சொல்லி, எட்டாம் வாய்ப்பாடு தடுமாறுதா கண்ணுன்னு கேட்டாங்க சார். இல்லீங்க டீச்சர்னு சொன்னேன். டீச்சர் நம்பிட்டாங்க. எங்கம்மா நம்பலீங்க. வாத்தியார் பொய் சொல்லுவாராடீன்னு டீச்சர் போனதுக்கப்புறம் அடிச்சுது. சாகற வரைக்கும் நான் தடுமாறிப்போட்டேன்னுதான் அது நெனச்சுட்டு இருந்துது."

பானையைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். குடிக்காத டம்ளரைப் பற்றிச் சொல்லுவாள் என்று நினைத்திருந்தேன். அதற்கெல்லாம் மனசுக்குள் பதில் வைத்திருந்தேன். இதை நான் நினைத்தே பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, டீச்சர். எழுபத்தெட்டு வயதில், ஊரார் முன்னால்.

"நீ தடுமாறலை அம்மணி" என்றேன். "நான்தான் பொய் சொன்னேன்." பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். சீட்டைத் தன் பர்ஸில், ஒரு சின்னப் பெண்ணின் போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்தாள். அதன்பிறகு, மற்ற எல்லோரிடமும் கேட்டதுபோலவே, தண்ணீர் குடிக்கிறீங்களா சார் என்று கேட்டாள். குடு அம்மணி என்று வாங்கி, டம்ளரைக் கவிழ்த்து முழுவதும் குடித்தேன். இன்னொன்று கேட்டு அதையும் குடித்தேன்.

அப்புறம் உள்ளே வந்து உங்களைப் பார்த்தேன். உங்கள் காலடியில் வைக்க என் பையில் ஒன்றும் மிச்சம் இல்லை. வெறுங்கையோடு கும்பிட்டுவிட்டு வந்தேன்.

பென்சில் டப்பா மட்டும் என்னிடமே இருக்கிறது. பேத்திக்கு இதைக் கொடுக்க மனசு வரவில்லை. இது பரிசாக வாங்கிய பொருள் இல்லை, ஒரு குழந்தையின் வாயை அடைக்க வாங்கிய பொருள். நேற்று அவளைச் சமாதானப்படுத்த, கேட்கும்போதெல்லாம் என் சாய்வு நாற்காலியில் அவள் உட்காரலாம், நான் கீழே உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்று காலை முதல் அவள்தான் அதில் உட்கார்ந்திருக்கிறாள். நான் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முட்டி வலிக்கிறது.

அந்தப் புதன்கிழமை நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் சொன்ன பதிலை நீங்கள் நம்பவில்லை என்றாலும், சரியான பதிலை என் வாயால் நீங்கள் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன், உங்கள் நோட்டில் டிக் போட்டுக்கொள்ளுங்கள்.

துளசிமணி எட்டாம் வாய்ப்பாட்டை ஓரிடத்திலும் நிற்காமல் சொன்னாள், டீச்சர். நான் கேட்காமலே கடைசியிலிருந்து தலைகீழாகவும் ஒரு தடவை சொன்னாள். ஒரு பிழையும் இல்லை.